பாதியில் நின்ற குவில்ட் போர்வையை முடிக்க முடிச்சு முறை

கையால் தைக்கத் தொடங்கிப் பல காலமாகக் கிடப்பில் இருக்கும் குவில்ட் போர்வையை (இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) முடிக்க வேண்டுமானால், எஞ்சிய பரப்பு முழுவதும் ஓட்டுத்தையல் போடுவதற்குப் பதிலாக, சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு வீதம் போட்டு மூன்று அடுக்குகளையும் பிணைத்துவிடலாம். பெரிய ஊசியில் ஆறு இழை எம்பிராய்டரி நூலைக் கோத்து, மேலிருந்து கீழே குத்தி, அரை சென்டிமீட்டர் தள்ளி மேலே எடுத்து, முதல் முடிச்சில் நூலை இரண்டு முறை சுற்றி, அடுத்ததை எதிர்த்திசையில் போட்டு இறுக்கினால் அது எளிதில் அவிழாது. நுனிகளை ஒட்ட நறுக்காமல் 2 சென்டிமீட்டர் விட்டே வெட்டுங்கள்.

மேல்துணி, நடுவிலுள்ள பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றும் நகராமலும், துவைக்கும்போது பஞ்சு ஓரிடத்தில் திரளாமலும் பிடித்துவைப்பதே தையலின் முதன்மையான வேலை. அதற்குச் சீரான இடைவெளியில் அமைந்த முடிச்சுகளே போதும். ஏற்கெனவே தைத்த பகுதியைப் பிரிக்க வேண்டியதில்லை. துண்டுகளின் மூலைகள் கூடும் இடங்களில் முடிச்சிட்டால் தையலும் முடிச்சும் கலந்திருப்பது உறுத்தாது, என் கண்ணுக்கு அழகாகவே தெரிகிறது.

பஞ்சு விரிப்பின் உறையில் தையல் இடைவெளிக்கு வரம்பு குறிப்பிட்டிருந்தால் அதை மீறக் கூடாது. இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாத தளர்ந்த பருத்திப் பஞ்சுக்கு இம்முறை ஒத்துவராது. நூல்நுனியை வாயில் வைத்து இழுக்கும் பருவத்துக் குழந்தைகளுக்கான போர்வையாக இருந்தால், முடிச்சை விட்டுத் தையலையே தொடருங்கள்.