பழைய நகர உரிம விதிகளைப் படிப்பது எப்படி: சான்பிரான்சிஸ்கோ சலவைக்கடைகளை வைத்து ஒரு வழிகாட்டி

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நகரம் ஒன்று எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையா? மேயர்களின் வாழ்க்கை வரலாற்றைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு உரிம விதிகளை எடுங்கள். யார் கடை போடலாம், எவ்வளவு கட்ட வேண்டும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், கேட்டவர்களில் யாருக்குக் கிடைத்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் எந்த வரியில் நிற்க வேண்டும் என்று பழகிவிட்டால் ஒரு பக்க விதியிலிருந்து ஒரு தெருவே எழுந்து வரும். சான்பிரான்சிஸ்கோவின் சீனச் சலவைக்கடைகளை வைத்து இதைச் சொல்கிறேன். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஊர். 1848இன் தொடக்கத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை. தங்கம் கிடைத்த செய்தி பரவியது, 1860இல் 56,802 பேர், 1880இல் 2,33,959 பேர். அவசர அவசரமாகக் கட்டிய மரவீடுகள். 1849 டிசம்பருக்கும் 1851 ஜூனுக்கும் இடையில் மட்டும் ஆறு பெருந்தீ. அதனால் இந்த ஊரின் விதிகளில் தீ என்ற சொல் வந்தால் வெறும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள், அந்தப் பயம் நிஜமானது. சலவைக்கடையில் வெந்நீருக்கும் இஸ்திரிக்கும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், கூரைமேல் மரச்சாரம் கட்டித் துணி காயப்போடுவார்கள், பக்கத்து வீடும் மரம்தான். சொல்லப்பட்ட காரணம் உண்மையாக இருக்கும்போதும் விதி வேறு ஒரு வேலையையும் சேர்த்துச் செய்யலாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் இதில் கடினமான பகுதி.

அடுத்து, விதியைப் போட்டவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்க நகரத்துக்குத் தானாக எந்த அதிகாரமும் கிடையாது, மாநிலம் கொடுத்தால்தான் உண்டு. அயோவாவின் நீதிபதி ஜான் டில்லன் 1868இல் இதை அழுத்தமாகச் சொன்னார், பல மாநில நீதிமன்றங்கள் அதையே பின்பற்றின. சான்பிரான்சிஸ்கோ விஷயத்தில் 1856இன் ஒருங்கிணைப்புச் சட்டம் நகரத்தையும் கவுண்டியையும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றாக்கி, 12 பேர் கொண்ட மேற்பார்வையாளர் சபையிடம் ஒப்படைத்தது. 1879இன் கலிபோர்னியா அரசியலமைப்பு, மாநிலச் சட்டத்தோடு மோதாதவரை காவல், சுகாதார விதிகளை உள்ளூரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றது. இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம், விதியின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு நகருங்கள்.

கட்டணத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். எவ்வளவு என்பதோடு விட்டுவிடாமல், எதை அளவாக வைத்துக் கட்டணம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று கேளுங்கள். 1873இல் இந்த நகரம் சலவைக்கடைகளுக்குப் போட்ட கட்டணத்தில், ஒரு குதிரை பூட்டிய வண்டி வைத்திருந்தால் மூன்று மாதத்துக்கு 2 டாலர், வண்டியே இல்லாவிட்டால் 15 டாலர். பெரிய கடைக்குக் குறைவு, சின்னக் கடைக்கு அதிகம். மேலோட்டமாகப் பார்த்தால் புரியாது. யாரிடம் வண்டி இல்லை என்று கேட்டால் உடனே புரிந்துவிடும்: துணி மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாகக் கொடுத்துவந்த சீனர்களிடம் இல்லை. விதியில் சீனர் என்ற சொல் வரவே வராது. அந்தத் தொழிலை அன்று யார் எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் கட்டண அட்டவணையை மட்டும் படித்தால் கண்ணுக்கு எதுவும் படாது. ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இந்த வரியில் விழுகிறவர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடம்: அனுமதி கொடுப்பது யார், எதைப் பார்த்துக் கொடுக்கிறார். 1880 மே 26 அன்று நிறைவேறிய 1569ஆம் எண் ஆணையைத் தேடி எடுங்கள். சபையின் சம்மதம் இல்லாமல் நகர எல்லைக்குள் யாரும் சலவைக்கடை நடத்தக் கூடாது, செங்கல் அல்லது கல் கட்டடமாக இருந்தால் மட்டும் சம்மதம் தேவையில்லை. கூரைமேல் சாரம் கட்டவும் சபையின் அனுமதி வேண்டும். மீறினால் 1,000 டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் இருப்பதைவிட இல்லாததைத் தேடுங்கள். புகைபோக்கி இப்படி இருந்தால், அடுப்பு சுவரிலிருந்து இத்தனை அடி தள்ளி இருந்தால் சம்மதம் உண்டு என்று ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் சபையின் விருப்பம், காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. எந்த உரிம விதியிலும் இப்படி அளவுகோல் இல்லாத அனுமதியைப் பார்த்தால் அங்கே ஒரு குறி போட்டுவையுங்கள், பெரும்பாலும் அநியாயம் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

குறி போட்டாயிற்று, அப்புறம் விதிப் புத்தகத்தை மூடிவிட்டு எண்ணிக்கையைத் தேட வேண்டும். யிக் வோ என்ற பெயரில் பதிவான சலவைக்காரரின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1861இல் கலிபோர்னியா வந்தவர், 22 ஆண்டு அதே கட்டடத்தில் தொழில் செய்தவர். 1884 மார்ச்சில் தீயணைப்புக் கண்காணிப்பாளர்கள் அடுப்பையும் கருவிகளையும் பார்த்து நல்ல நிலையில் இருக்கின்றன என்று சான்றிதழ் கொடுத்தார்கள், சுகாதார அதிகாரியின் சான்றிதழும் கையில் இருந்தது. 1885 ஜூனில் சபையிடம் விண்ணப்பித்தார், ஜூலை 1 அன்று மறுத்துவிட்டார்கள். அவர் கடையை மூடவில்லை. 10 டாலர் அபராதம், கட்டாவிட்டால் டாலருக்கு ஒரு நாள் சிறை. சிறைக்குப் போனார்.

நீதிமன்ற ஆவணத்தில் அவர் தரப்பு வைத்த கணக்குதான் எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதி. நகரில் சுமார் 320 சலவைக்கடைகள், அதில் சுமார் 240 சீனர்களுடையவை. 320இல் ஏறக்குறைய 310 மரக்கட்டடங்கள், ஆனால் ஊரின் வீடுகளிலேயே பத்தில் ஒன்பது மரம்தான். சம்மதம் கேட்ட சீனர்கள் ஏறக்குறைய 200 பேர், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 150க்கும் மேற்பட்ட சீனர்கள் கைதானார்கள். நீங்கள் ஆராயும் ஊர் எதுவாக இருந்தாலும் இதே மாதிரி ஒரு கணக்கை உண்டாக்க முயலுங்கள்: விண்ணப்பித்தவர், பெற்றவர், மறுக்கப்பட்டவர், கைதானவர். நாலு பத்தியும் முழுமையாக நிரம்பாமல் போகலாம், பாதி நிரம்பினாலே கதை தெரிய ஆரம்பிக்கும்.

அதோடு நீதிமன்றம் அந்தக் கணக்கை எப்படி எடுத்துக்கொண்டது என்றும் பாருங்கள். தேதி வரிசையில் படிக்காவிட்டால் இது குழப்பும். 1876இல் நகரம் ஒரு விதி போட்டது: கவுண்டி சிறைக்கு வரும் கைதிகளின் தலைமுடியை ஓர் அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். பின்னலைப் போற்றிய சீனர்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று ஊருக்கே தெரியும். 1879இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு அதைச் செல்லாது என்றார், ஊருக்கெல்லாம் தெரிந்தது நீதிபதிக்கு மட்டும் தெரியாது என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். அதே ஃபீல்டு 1885இல் உச்ச நீதிமன்றத்தில், இரவு 10 மணி முதல் காலை 6 வரை சலவை வேலை கூடாது என்ற விதியைப் பார்பியர், சூன் ஹிங் என்ற இரண்டு வழக்குகளிலும் செல்லும் என்றார். சபை உறுப்பினர்களின் உள்நோக்கத்தைத் தோண்ட முடியாது, விதியின் முகத்திலோ அது நடைமுறையில் செயல்படும் விதத்திலோ தெரிந்தால்தான் உண்டு என்றார். செயல்படும் விதம் என்ற அந்தச் சின்ன இடைவெளியைத்தான் யிக் வோ தரப்பின் எண்ணிக்கை பிடித்துக்கொண்டது. 1886 மே 10 அன்று நீதிபதி ஸ்டான்லி மேத்யூஸ் எழுதிய ஒருமனதான தீர்ப்பு, விதி பார்வைக்கு நடுநிலையாக இருந்தாலும் அதைப் பாரபட்சமாக நடத்தினால் அது சட்டம் எல்லோருக்கும் தர வேண்டிய சமப் பாதுகாப்பை மறுப்பதே என்றது. யிக் வோ அமெரிக்கக் குடிமகன் இல்லை என்பது தடையாகவும் இல்லை. டுங் ஹிங் டோங் என்ற சலவைக்காரர் சங்கம் பணம் திரட்டி வழக்கறிஞர் வைத்துப் போராடியிருக்காவிட்டால் இந்தக் கணக்கு எந்த ஆவணத்திலும் ஏறியிருக்காது. இதை நினைத்தால் எனக்கு அந்தச் சங்கத்தின் மேல் பெரிய மரியாதை வருகிறது.

எங்கே தேடுவது? 1906 நிலநடுக்கமும் தீயும் நகரின் ஏராளமான பதிவேடுகளைத் தின்றுவிட்டன, அதனால் அசல் உரிமப் பேரேட்டை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். அச்சில் வந்தவை இருக்கின்றன. ஆண்டுதோறும் வெளியான நகராட்சி அறிக்கைகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கும், உரிம வருமானமும் கைது எண்ணிக்கையும் அவற்றில் தேடலாம். சபைக் கூட்டச் செய்திகளுக்கு கலிபோர்னியா டிஜிட்டல் செய்தித்தாள் தொகுப்பில் டெய்லி ஆல்டா கலிபோர்னியாவைப் பாருங்கள், ஆனால் அதில் சீனர்களைப் பற்றி எழுதும் தொனி படிக்கவே வலிக்கும், மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். தீக் காப்பீட்டுக்காக சான்போர்ன் நிறுவனம் வரைந்த வரைபடங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக இணையதளத்தில் உள்ளன. வண்ணப் பிரதியாகவே எடுங்கள், ஏனென்றால் இளஞ்சிவப்பு செங்கல், நீலம் கல், மஞ்சள் மரம். 1569ஆம் ஆணை யாரைத் தொடும், யாரைத் தொடாது என்று தெருத் தெருவாக நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பெயர்களில் மட்டும் கவனம். யிக் வோ என்பது கடையின் பெயர், அதையே உரிமையாளரின் பெயராக எழுதிவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சீனப் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். அதனால் ஆளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், தெருவையும் கதவு எண்ணையும் வைத்துத் தேடுங்கள். ஊர் முகவரிப் புத்தகங்களில் சலவைக்கடைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு, தொடங்க அதுவே போதும்.