மூன்று இனிஷியல், மூன்று ஆள்: சைட்டேஷன் கணக்கில் நான் கோட்டை விட்ட இடம்

போன வாரம் ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்துக்கு ஓர் ஆய்வு மாணவி வந்திருந்தாள். இறாலின் நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரை, அதாவது பேப்பர், ஏற்கப்பட்ட சந்தோஷத்தில், அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் ப்ரூஃபைப் போனில் காட்டினாள். அதில் அவள் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"போன பேப்பர்லயும் பேரு இப்படித்தான் இருக்கா?"

"இல்லக்கா, அதுல இனிஷியல் முன்னாடி இருந்துச்சு. எப்படிப் போட்டா என்ன?"

எப்படிப் போட்டால் என்ன என்று பத்து வருஷம் இருந்தவள்தான் நானும். காப்பியடிக்காதே, காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் போடும் ஜர்னல் (ஆய்விதழ்) பக்கம் போகாதே என்பதை எல்லாக் கைடும் சொல்லிவிடுகிறார்கள். நம் பேப்பரை மற்றவர்கள் மேற்கோள் காட்டும் சைட்டேஷன் கணக்கில் சறுக்க வைக்கும் இந்தத் தவறுகளை யாரும் சொல்வதில்லை.

பெயரை இடத்துக்கு ஒரு மாதிரி எழுதுவது

ஜர்னலின் படிவத்தில் இரண்டு பெட்டி இருக்கும்: பெயர், குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முதல் நான்கு பேப்பரில் 'எம்' என்ற ஒற்றை எழுத்தை அந்த இரண்டாவது பெட்டியில் போட்டேன். பிறகு வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்காகப் பாஸ்போர்ட் எடுத்தேன். அதில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயர் ஆனது. அடுத்த மூன்று பேப்பரும் அப்படியே போயின. கல்யாணத்துக்குப் பிறகு ஆதார், பாங்க் பாஸ்புக் எல்லாம் வீட்டுக்காரர் இனிஷியலுக்கு மாற, கடைசி இரண்டு பேப்பரும் கூடவே மாறின.

ஆக, பேப்பர்களையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தளத்தின் கணக்கில் நான் மூன்று பேர். நடுவில் வந்த மூன்றையும் மேற்கோள் காட்டியவர்கள் குடும்பப் பெயர் என்று நினைத்து அப்பா பெயரைப் போட்டு, பின்னால் 'மற்றும் சிலர்' என்று எழுதியிருந்தார்கள். அப்பா தொண்டிப் பக்கம் கரைவலை இழுத்தவர். இறாலின் ரத்த அணுக்களை அவர் ஆராய்ந்ததாக எங்கோ ஒரு நாட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிப்பு அதோடு சரி. ஹெச்-இன்டெக்ஸ் என்பது மேற்கோளை வைத்து ஆய்வாளரை அளக்க 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. தலா 5 மேற்கோளாவது வாங்கிய பேப்பர் 5 இருந்தால் உங்கள் எண் 5. என் ஒன்பது பேப்பருக்கும் கிடைத்தவை 31, 22, 14, 11, 9, 8, 8, 3, 1. ஒன்றாக அடுக்கினால் எண் 7. ஆனால் முதல் 'ஆளிடம்' இருந்தது 31, 11, 8, 8, எண் 4. இரண்டாமவருக்கு 22, 9, 3, எண் 3. மூன்றாமவருக்கு 14, 1. எண் வெறும் 1.

ஒரு வேலைக்கான நேர்காணலில் திரையில் தெரிந்தது அந்த நான்குதான். "பயோடேட்டாவில் ஏழு என்று போட்டிருக்கிறீர்களே?" என்று ஒருவர் கேட்டார். நான் இனிஷியல் கதையைச் சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறவள் போல எனக்கே பட்டது. பதிவுகளை ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு எழுதி, எண் 7 ஆனபோது அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்திருந்தார். இன்றைக்கும் எரிச்சல் அடங்கவில்லை. ஆராய்ச்சியில் குறை என்றால் ஒத்துக்கொள்ளலாம், ஒரு பெட்டியை மாற்றி நிரப்பியதற்காகவா?

சரி, என்ன செய்வது? முதல் பேப்பருக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஒற்றை எழுத்தாகப் போட்டால் அதே எழுத்தும் அதே பெயரும் உள்ள பத்துப் பேரோடு கலந்துவிடும். அதனால் விரித்தே எழுதுங்கள். கல்யாணம் ஆனாலும் பேப்பரில் மாற்றாதீர்கள். ஆர்கிட் என்று 16 இலக்க அடையாள எண் 2012 முதல் இலவசமாகத் தருகிறார்கள். அதை வாங்கி ஒவ்வொரு பேப்பரிலும் கொடுங்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது. அப்புறம், பேப்பர் தேடும் தளமான கூகுள் ஸ்காலர் இதற்கு நேர்மாறாகவும் செய்யும். ஊரார் பேப்பரையும் உங்கள் கணக்கில் கொண்டுவந்து சேர்க்கும். தானாகச் சேர்ப்பதை நிறுத்திவைத்து, வந்ததை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் கேள்வி வரும்.

மீனுக்கு ஒரே பெயரோடு நிறுத்துவது

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-ல் குஞ்சு பொரிக்க வைத்த கடல் விராலுக்கு ஆங்கிலத்தில் கோபியா என்று பெயர். ஆஸ்திரேலியாவில் அதையே பிளாக் கிங்ஃபிஷ் என்பார்கள். தலைப்பில் ராக்கிசென்ட்ரான் கனடம் என்ற அறிவியல் பெயர் இல்லாவிட்டால், அங்கே தேடுகிறவர் கையில் உங்கள் பேப்பர் சிக்குவது சந்தேகம். சிக்காததை யார் மேற்கோள் காட்டுவார்கள்?

ஜர்னலின் மதிப்பைத் தன் மதிப்பு என்று நினைப்பது

இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலுடையது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியானவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி. படகு முழுதும் நல்ல விலைக்குப் போனது என்பதால் உங்கள் கூடையில் இருந்தது வஞ்சிரம் ஆகிவிடாது.

தடுப்பூசி ஆராய்ச்சியாளரோடு ஒப்பிடுவது

மனித நோய் எதிர்ப்பியல் பெரிய கடல். நாமோ கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியே இல்லாத இறாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மேற்கோள் குறையத்தான் செய்யும். உங்கள் துறைக்குள், உங்கள் அனுபவக் காலத்தில் உள்ளவரோடு பாருங்கள். நம் கரையில் ஒதுங்குகிற நட்சத்திர மீன் இருக்கிறதே, அதன் லார்வாவில் முள்ளைக் குத்தி, செல்கள் முள்ளைச் சூழ்வதை 1882-ல் இத்தாலியின் மெசினாவில் பார்த்தவர் மெச்னிகோவ் என்ற விலங்கியலாளர். 1908-ல் நோபல் பரிசு வாங்கினார். அவரிடம் யாரும் ஹெச்-இன்டெக்ஸ் கேட்கவில்லை. உங்களிடம் கேட்பார்கள், அது வேறு விஷயம்.

எண்ணை மட்டும் எழுதுவது

பயோடேட்டாவில் ஹெச்-இன்டெக்ஸோடு, அது எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் பார்த்தது என்பதையும் எழுதுங்கள்.

தன் பேப்பரையே மேற்கோள் காட்டுவது

தேவைக்கு மேல் வேண்டாம். தனியாக எண்ணிப் பார்க்கிறார்கள்.