படித்ததை எல்லாம் படக்கதையில் கொட்டாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் கல்லூரி முடித்த பிள்ளைகள் சொந்தமாகக் குழந்தைகள் புத்தகம் எழுதி, படமும் தாங்களே வரைந்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று பி.டி.எஃப். அனுப்புவது இப்போது அடிக்கடி நடக்கிறது. விலங்கியல் படித்தவர், சமூகப்பணி படித்தவர், விஷுவல் கம்யூனிகேஷன் முடித்தவர், எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிக்கொண்டே நடுவில் வரைகிறவர் என்று எல்லா வகையும் உண்டு. சந்தோஷமான விஷயம்தான், மலையைப் பற்றி மலையில் இருப்பவர்கள் புத்தகம் போடாமல் வேறு யார் போடுவது. ஆனால் வருகிற கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்: மூன்று வருடமோ ஐந்து வருடமோ படித்தது முழுவதையும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் தலையில் இறக்கி வைக்கப் பார்ப்பது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். படக்கதையில் பாதிக் கதையைப் படம் சொல்ல வேண்டும். எழுதுகிறவரே வரைகிறார் என்றால் இது இன்னும் சுலபமாக வர வேண்டும், நடப்பது தலைகீழ். வேர்டில் உட்கார்ந்து கதை முழுவதையும் எழுதி முடித்துவிட்டு அப்புறம் அதற்குப் படம் போடுகிறார்கள். அதனால் இப்படி ஒரு பக்கம் வருகிறது: "அடர்ந்த சோலையின் நடுவே, காலைக் கதிரவனின் பொன்னிறக் கதிர்கள் இலைகளைத் தழுவ, கருமந்தி ஒன்று மகிழ்ச்சியுடன் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது." எதிர்ப் பக்கத்தில் சோலை, வெயில், கருமந்தி, கிளை எல்லாம் வரைந்தாயிற்று. அப்புறம் எழுத்துக்கு அங்கே என்ன வேலை? அதே பக்கத்தில் "இந்தக் கிளை. அந்தக் கிளை. அடுத்தது?" என்று மட்டும் போட்டுப் பாருங்கள், குழந்தை பக்கத்தைத் திருப்பாமல் விடாது. அந்தக் கேள்வி வலப்பக்கத்தில் வர வேண்டும், பதில் தாளுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இரண்டும் எதிரெதிரே கண்ணில் பட்டுவிட்டால் திருப்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. படமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் இன்னும் நல்லது. "மழை நின்றுவிட்டது என்றாள் மாரி" என்று எழுதிவிட்டு, படத்தில் குடை பின்னால் மடங்கிப் போகிற அளவுக்கு ஊட்டியின் ஜூலை மழையை வரையுங்கள். மாரி பொய் சொல்கிறாள் என்று கண்டுபிடித்த குழந்தை அந்தப் பக்கத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரியும்.

தகவல் திணிப்பு அடுத்தது. ரயிலில் பாட்டி வீட்டுக்குப் போகிற கதை. நடுவில் பாட்டி திடீரென்று, "கண்ணா, இந்த ரயில் 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்தது, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது" என்று பேசினால் அது பாட்டி இல்லை, பொது அறிவு கைடு. குறிஞ்சி பற்றிய கதை என்றால் தாவரவியல் பெயர், பன்னிரண்டு வருட சுழற்சி, 2018-இல் பூத்தது, அடுத்து 2030 என்று ஒரே பக்கத்தில் நிற்கும். எல்லாம் சரியான தகவல், எல்லாமே தப்பான இடத்தில். கடைசிப் பக்கத்தையோ பின்னட்டையின் உட்புறத்தையோ இதற்கு ஒதுக்கி, சின்ன எழுத்தில், படித்துக் காட்டுகிற அக்காவுக்கோ ஆசிரியருக்கோ எழுதிவிடுங்கள். உங்கள் படிப்பும் வீண் போகாது. "நீதி: காடுகளைக் காப்போம்" என்று முடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். மரம் அழுவது, ஆறு அழுவது, யானை மன்னிப்புக் கேட்பது, இதெல்லாம் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்தாயிற்று.

மொழியில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீலகிரியில் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற குழந்தை வீட்டில் படுகு பேசலாம், இருளமோ பணியரின் மொழியோ கன்னடமோ மலையாளமோ பேசலாம், பள்ளிக்கு வந்துதான் பாடப்புத்தகத் தமிழையே கேட்கலாம். அதனிடம் போய் "அகமகிழ்ந்தது", "எதிர்ப்பட்டவுடன்" என்று எழுதினால் எப்படி? பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எடுத்துப் பாருங்கள், முதல் படியில் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு குறைவாக எழுத்து இருக்கிறது என்பது தெரியும். உங்கள் கதை எந்தப் படிக்கு என்று எழுத ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். "3 வயது முதல் 12 வயது வரை" என்று அட்டையில் போட்டால் யாருக்கும் இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, படம். எனக்கு அதிகம் எரிச்சல் வருவது இதில்தான். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட வரைய உட்கார்ந்தால் கூகுளில் தேடி, வருகிற முதல் படத்தைப் பார்த்து வரைகிறார்கள். வரையாட்டுக்குத் தாடி வந்துவிடுகிறது, கொம்பு திருகிக்கொண்டு நிற்கிறது. நம் வரையாட்டுக்குத் தாடி கிடையாது, கொம்பு குட்டையாகப் பின்னோக்கி வளைந்திருக்கும், பெட்டைக்கும் கொம்பு உண்டு. வயதான கிடாவுக்கு முதுகில் வெளிறிய சேணம் போட்ட மாதிரி ஒரு திட்டு இருக்கும், அதை வரைந்தாலே போதும், யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். கரடியைப் பழுப்பு டெடியாக வரையாதீர்கள். கோத்தகிரிக் குழந்தைக்குத் தெரிந்த கரடி கறுப்பு, சடை சடையான முடி, நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு, நீளமான நகம், ராத்திரி கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற கரடி. கொடைக்கானலில் கடைத்தெருவுக்கே வந்து நிற்கிற காட்டெருமைக்கு நாலு காலிலும் முட்டி வரைக்கும் வெள்ளை, காலுறை போட்ட மாதிரி. அதை விட்டுவிட்டு வெறும் கறுப்பு எருமையை வரைந்தால் முதல் பெஞ்சில் இருந்தே "இது எங்க ஊர் மாடு இல்ல" என்று குரல் வரும். காட்டு ராஜா சிங்கம் பற்றிப் பேசவே வேண்டாம். முதுமலையில் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது, எதற்குக் குஜராத்தில் இருந்து சிங்கத்தை வரவழைக்க வேண்டும்?

மலை ரயிலையும் அப்படித்தான் வரைகிறார்கள், என்ஜின் முன்னால் புகை விட்டுக்கொண்டு பெட்டிகளை இழுத்துப் போகும். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறும்போது என்ஜின் பின்னால் இருந்துதான் தள்ளும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த பட்டை வரும், என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். முன்பெட்டியில் உட்கார்ந்தால் எதிரே என்ஜினே இல்லாமல் பாதை மட்டும் தெரியும். ஒரு படக்கதைக்கு இதைவிட நல்ல பக்கம் கிடைக்குமா, அதை விட்டுவிட்டுப் பொம்மை ரயிலை வரைகிறோம்.

உடுப்பையும் கவனியுங்கள். டிசம்பர் உறைபனியில் அரைக்கால் சட்டையோடு வெறுங்காலில் ஓடுகிற பையன் எந்த ஊர்? ஸ்வெட்டர், குல்லா, மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸ். கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணி, தலையில் துணி. விளம்பரத்தில் வருகிற மாதிரி பளபளவென்ற புடவையும் மல்லிகைப்பூவும் தேயிலைக் காட்டில் கிடையாது.

மலையின் பழங்குடி மக்களை வரையும்போது இந்தச் சோம்பேறித்தனம் வெறும் பிழையோடு நிற்காது. தோடர் என்றாலே அரைப் பீப்பாய் வடிவக் குடிசை, அதன் முன்னால் எருமை, அதன் பக்கத்தில் ஒரு தாத்தா. இன்று தோடர்கள் பெரும்பாலும் எல்லாரையும் போல ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும்தான் இருக்கிறார்கள், அந்தப் பழைய வடிவம் கோயில்களில் நிற்கிறது. உங்கள் கதையில் வருகிற தோடர் குழந்தை பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கட்டும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால் போடுகிற அவர்களின் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கோலத்தை ஸ்கேன் செய்து எல்லாப் பக்கத்துக்கும் பார்டராக ஓட்டுவது அழகாகத்தான் தெரியும். யாரிடம் கேட்டீர்கள்? கதைக்கும் இதே கேள்விதான். ஆலுக்குறும்பர் கிராமத்திலோ பளியர் குடியிருப்பிலோ ஒரு பாட்டி சொன்ன கதையை எழுதி, "கதை, படம்" என்று உங்கள் பெயரை மட்டும் போடுவது எம்.ஃபில். படித்தவர்களே கூச்சமில்லாமல் செய்கிற காரியம். கதை சொன்னவர் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு முதல் பக்கத்தில் போடுங்கள், வெளியே சொல்லலாமா என்றும் கேளுங்கள், புத்தகம் வந்ததும் அந்த ஊருக்குப் பிரதி போகட்டும், பணம் வந்தால் பங்கும் போகட்டும்.

பக்க அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது கற்றுக்கொள்ளக்கூடியது. சென்டர் பின் அடிக்கிற புத்தகத்தின் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். அச்சகத்தில் ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடிக்கிற பக்கங்களின் தொகுப்பு) கணக்கில்தான் பேசுவார்கள், அதனால்தான் 16, 24, 32 என்று வருகிறது. 19 பக்கக் கதையோடு போய் நின்றால் காலிப் பக்கத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போக மிச்சம் இருப்பதுதான் கதைக்கு. இரண்டு பக்கம் சேர்த்து வரையும்போது முகம் நடு மடிப்பில் விழாமல் பாருங்கள். வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மி.மீ. படத்தை நீட்டி விடுங்கள். அச்சளவில் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டும், ஆகவே வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி வாங்கிய படம் உதவாது. திரையில் ஜொலிக்கிற சோலைப் பச்சையும் குறிஞ்சியின் நீலஊதாவும் அச்சகத்தின் நான்கு மை வண்ண முறையான சி.எம்.ஒய்.கே.க்கு மாறினால் மங்கிப் போகும், ஒரு பக்கமாவது ப்ரூஃப் எடுத்துப் பார்க்காமல் முழுவதும் அடிக்கச் சொல்லாதீர்கள். அப்புறம் எழுத்துரு. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசர் என்கிற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கண் பழகிப்போய் அதைக் கவனிக்காது, இப்போதுதான் "கெ" எழுதக் கற்றுக்கொண்ட குழந்தை கவனிக்கும். கோப்பை அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வடிவங்களாக, மாற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், ஏ4 தாளை மடித்து ஸ்டேப்ளர் அடித்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, அங்கன்வாடியிலோ பஞ்சாயத்து நூலகத்திலோ குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "பிடிச்சிருக்கு அக்கா" என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கத்தில் ஜன்னலைப் பார்க்கிறார்கள், எந்தப் பக்கத்தில் முன்னால் நகர்ந்து வருகிறார்கள், எந்தப் படத்தில் விரலை வைக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் காட்டுவது வேறு விஷயம், அவர் பாராட்டுவார், சான்றிதழும் தருவார்.

இரண்டு பேர் சேர்ந்து செய்கிற புத்தகம் என்றால், நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் மாதிரி திறந்த உரிமத் தளத்தில் ஏற்றினால் நிறையக் குழந்தைகளிடம் போய்ச் சேரும், ஆனால் அப்புறம் எவரும் அதை மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். ஏற்றிவிட்டு இன்னொரு பதிப்பகத்தில் போய்த் தனியுரிமை பேசினால் தர்மசங்கடம்தான்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை அதை இலவசமாகவே தருகிறது. குழந்தைகள் படப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. சிவகாசியில் ஆயிரம் அடித்தால் ஒரு பிரதியின் விலை குறையும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஆயிரமும் மழைக்காலத்தில் எங்கே இருக்கும் என்று யோசித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். குன்னூர் வீட்டில் தரையில் அட்டைப்பெட்டியோடு வைத்தால் ஆடி முடிவதற்குள் அட்டை சுருண்டு, ஓரத்தில் பூஞ்சை பிடித்து, தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலில் டிஜிட்டலில் நூறு பிரதி போடுங்கள், அட்டைக்கு லேமினேஷன் சொல்லுங்கள், கட்டுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பலகை மேல் அடுக்குங்கள். முடிந்தால் மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிட்டு, தேவைப்படுகிறபோது பஸ்ஸில் மேலே வரவழைத்துக்கொள்ளுங்கள்.