நமீபிய மணல்மேட்டில் முதல் சறுக்கு: தன்னார்வக் குழுக்களுக்கான செய்முறை

நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட் நகரிலிருந்து தெற்கே வால்விஸ் பே வரை, கடலை ஒட்டி ஒரு மணல்மேட்டு வரிசை நீள்கிறது. வடக்கே ஸ்வாகோப் ஆற்றோடு அது நின்றுவிடும். பெரும்பாலும் வறண்டு கிடக்கும் அந்த ஆறு, வெள்ளம் வரும்போது சேர்ந்த மணலையெல்லாம் கடலுக்குள் தள்ளிவிடுவதால் மேடுகள் அதைத் தாண்டுவதில்லை. இந்த மேடுகளில் புதியவர்களைச் சறுக்க அழைத்துப்போக நினைக்கும் தன்னார்வக் குழுவுக்கான விளக்கம் இது. நின்று சறுக்கும் முறை, குப்புறப் படுத்துச் சறுக்கும் முறை என இரண்டு உண்டு. முதல் நாளுக்கு ஏற்றது படுத்துச் சறுக்குவதுதான் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறோம்.

எந்தப் படிக்கும் முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மணல்மேடு தாங்கும், அதைச் சுற்றியுள்ள சரளைத் தரை தாங்காது. சரிவில் இருபது பேர் உழுத தடத்தைக் காற்று விரைவில் மூடிவிடும். சரளைச் சமவெளியில் ஒரே ஒரு வண்டி பதித்த தடமோ பல பத்தாண்டுகளுக்கு அழியாது. அந்தத் தரையில் கடல்மூடுபனியை மட்டுமே குடித்து வாழும் லைக்கன்கள் படர்ந்திருக்கின்றன. செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். இவை வளரும் வேகம் மிகமிகக் குறைவு. மிதித்து நொறுக்கினால் நம் காலத்தில் மீளாது. டமாரா ஆலா என்ற சிறு கடற்பறவையும் இந்தச் சரளையில்தான் சிறு குழி பறித்து ஒற்றை முட்டை இடும். சரளைக்கல் நிறத்தில் புள்ளி போட்ட அந்த முட்டை காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. உலகத்து டமாரா ஆலாக்களில் பெரும்பகுதி நமீபியக் கடற்கரையில்தான் குஞ்சு பொரிக்கின்றன. ஆகவே உங்கள் திட்டத்தில் சறுக்கைவிட, சறுக்கும் இடத்துக்குப் போய் வரும் வழிக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

படி 1: அனுமதியும் வழியும்

இந்தப் பகுதி 2010-இல் அறிவிக்கப்பட்ட டோரோப் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. எந்த மேட்டில் சறுக்கலாம், வண்டியை எதுவரை கொண்டுபோகலாம் என்பதைப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள். வண்டி குறிக்கப்பட்ட தடத்தை விட்டு ஒரு அடிகூட இறங்கக் கூடாது. திரும்ப இடமில்லை என்றால் பின்னோக்கி ஓட்டி வாருங்கள். சரளையைக் கடந்தே ஆக வேண்டிய இடத்தில் முன்னால் போகிறவர் கால்தடத்திலேயே எல்லாரும் வரிசையாக நடக்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆலா முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம். தலைக்கு மேலே ஒரு சிறு வெள்ளைப் பறவை கத்திக்கொண்டே சுற்றினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நின்று தேடாதீர்கள், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

படி 2: பலகை

3 மி.மீ. கனமுள்ள, ஒரு பக்கம் வழவழப்பான ஹார்டுபோர்டு போதும். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்றைக் குறுக்கே நான்காக அறுத்தால், நாலடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட நான்கு பலகைகள் கிடைக்கும். மூலைகளை வளைவாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் விரல் கிழியும். கனம் கூடிய தகடு வேண்டாம், முன் ஓரத்தைக் கையால் வளைத்துத் தூக்க முடியாது.

வழவழப்பான பக்கம்தான் அடியில் வரும். அதில் தரைக்குப் போடும் கெட்டி மெழுகைத் துணியில் எடுத்துப் பூசி, பளபளக்கும்வரை தேயுங்கள். மெழுகுவர்த்தித் துண்டாலும் வேலை நடக்கும், ஆனால் தடம் தடமாக நிற்காமல் சமமாகத் தேய்த்துவிட வேண்டும். ஒவ்வொரு சறுக்கலுக்கும் முன்னால் அடிப்பக்க மணலைத் துடைத்துவிட்டு மீண்டும் பூசுங்கள். மணலைத் துடைக்காமல் மெழுகு பூசினால் அது உப்புத்தாள் ஆகிவிடும். மெழுகு போடுவதை ஒரு தார்ப்பாய் மேல் மட்டும் செய்யுங்கள். சரிவில் சிந்தக் கூடாது.

படி 3: நேரம்

காலையில் கடலிலிருந்து மூடுபனி வரும். அது நனைத்த மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பலகை நகரவே நகராது. புதியவர்கள் மெழுகு போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பூசுவது இந்த நேரத்தில்தான். ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் விடுங்கள். கட்டியாக விழுந்தால் காத்திருங்கள். நீர்போல ஓடினால் தொடங்கலாம். பெரும்பாலும் பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். பிற்பகலில் தென்மேற்குக் காற்று வலுத்து மணலை முகத்தில் அறையும், அதற்குள் முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் சில நாள் பாலைவனத்திலிருந்து அனல்போன்ற கிழக்குக் காற்று வீசும். அன்று நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுவதே சரி.

படி 4: சரிவைத் தேர்ந்தெடுத்தல்

காற்று ஏறிவரும் பக்கம் சாய்வு குறைவாகவும் மணல் இறுக்கமாகவும் இருக்கும். மறுபக்கம், முகட்டைத் தாண்டி விழும் மணல் தானாகச் சரிந்து நிற்கும் பக்கம், ஏறத்தாழ 32 முதல் 34 பாகை சாய்வில் இருக்கும். சறுக்குவது இந்தப் பக்கம். ஏறுவது அந்தப் பக்கம். சறுக்கும் முகத்திலேயே ஏறினால் ஓரடி வைத்தால் அரையடி கீழே வரும், குழு அரைமணியில் களைத்துவிடும், தடமும் குழியாகிவிடும்.

சரிவின் அடியில் என்ன இருக்கிறது என்பதை இறங்கிப் போய்ப் பாருங்கள். குறைந்தது 30 மீட்டருக்குச் சுத்தமான மணல் வேண்டும், லேசாக எதிர்மேடு ஏறினால் இன்னும் நல்லது. சரளைத் தரையில் போய் முடியும் சரிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்: வேகமாக வரும் உடம்பைக் கல் கிழிக்கும், உடம்பு அந்தத் தரையைக் கிழிக்கும். புல் திட்டுகள், நாரா முட்புதர்கள் பக்கமும் போகாதீர்கள். அவற்றின் அடியில் பெரிங்கே விரியன் மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதன் கண்கள் தலைக்கு மேலே அமைந்திருப்பதால் கண்கள் மட்டுமே வெளியே தெரியும்.

படி 5: உடை

தலைக்கவசம், மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தடித்த முழுக்கால்சட்டை, கையுறை, முழங்கைக் காப்பு. சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மூடுபனி குளிர்ச்சியாக இருக்கிறது என்று தொப்பியும் வெயில்களிம்பும் இல்லாமல் வருகிறவர்கள்தான் மாலையில் தோல் சிவந்து திரும்புவார்கள்.

படி 6: சறுக்குதல்

முதல் சறுக்கல் முகட்டிலிருந்து வேண்டாம். சரிவின் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து தொடங்கி, அடுத்து பாதி, பிறகு முகடு. உயரமான மேடுகளில் படுத்துச் சறுக்குபவர்கள் மணிக்கு 80 கி.மீ. வரை தொடுகிறார்கள் என்பதால் இந்த வரிசையைத் தளர்த்தாதீர்கள்.

பலகையைச் சரிவின் நேர்க்கோட்டில் வையுங்கள். வயிறு நடுவில் இருக்கும்படி படுத்து, முன் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி வளையுங்கள். முழங்கைகள் தரையில் படாமல் பலகைக்கு மேலே இருக்கட்டும். கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தூக்குங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகத் தள்ளினால் போதும்.

கவிழ்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: சரிவு தட்டையாகும் இடத்தில் பிடி தளர்ந்து முன் ஓரம் மணலில் குத்திக்கொள்கிறது. பலகை நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். ஆகவே முழுவதும் நிற்கும்வரை முன் ஓரத்தை விடக் கூடாது என்று புறப்படும் ஒவ்வொருவருக்கும் மறுபடி சொல்லுங்கள். பலகை பக்கவாட்டில் திரும்பினால் ஒரு கால் மற்றதைவிட அழுத்தமாக உரசுகிறது என்று பொருள். வேகம் குறைக்க இரண்டு பாதங்களின் நுனியையும் ஒரே நேரத்தில், மெல்லத் தொட வேண்டும். பயத்தில் ஒரு காலை ஊன்றினால் சுழன்றுவிடுவார்கள்.

மேலே ஒருவர், கீழே ஒருவர் நிற்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். கீழே வந்தவர் எழுந்து, பலகையோடு ஓரமாக விலகிய பிறகு கீழே நிற்பவர் இரு கைகளையும் உயர்த்துவார். அதன்பிறகே அடுத்தவர். ஆறு புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கில் வைத்தால் காத்திருப்பும் குறையும், கண்காணிப்பும் இருக்கும்.

படி 7: இடைவேளை

காத்திருப்பவர்களிடம் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். மணலில் கருப்பாகத் தெரியும் பட்டைகள்மேல் நகர்த்தினால் மேக்னடைட் என்ற இரும்புத்தாதின் துகள்கள் மீசைபோல ஒட்டும். சிவந்த, ஊதா நிறத் துகள்கள் கார்னெட் என்ற கனிமம். பார்த்தபின் அங்கேயே உதறிவிட வேண்டும். காலையில் வந்தால் வண்டு, பல்லி, விரியன் தடங்களை மணலில் வாசிக்கப் பழக்கலாம். சிறுவர்கள் சறுக்கைவிட இதில் லயித்துவிடுவார்கள்.

படி 8: கிளம்பும்போது

பிளாஸ்டிக், கயிறு, மெழுகுத் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். ஆனால் சரிவின் அடியில் சேர்ந்திருக்கும் காய்ந்த புல் துணுக்குகளைக் குப்பை என்று அள்ளிவிடாதீர்கள். துப்புரவுப் பணிக்கு வரும் ஆர்வலர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. காற்று உள்நாட்டிலிருந்து சுமந்துவந்து கொட்டும் அந்தத் துணுக்குகள்தான் செடியே இல்லாத மேட்டில் வண்டுகளுக்கு உணவு. வண்டுகளைப் பல்லி தின்னும், பல்லியை விரியன் தின்னும்.

பலகைகளை மணல் போகத் துடைத்து, வீட்டுக்குள் படுக்கைவாட்டில் அடுக்குங்கள். வெளியே சாத்தி வைத்தால் இரவு மூடுபனியில் ஹார்டுபோர்டு ஊறி ஓரம் உப்பிவிடும், அடுத்த முறை எவ்வளவு மெழுகு போட்டாலும் ஓடாது.