கறுப்பு வெள்ளை அப்ஸ்ட்ராக்ட் படம்: ஸ்லைடர இழுத்தா கொன்ட்ராஸ்ட் வராது

கல்லடிப் பழைய பாலத்துல படம் எடுத்துட்டு வாற பொடியன்மார் கேக்கிறது ஒண்டுதான், ஏன் என்ட படம் சாம்பல் பூசின மாதிரிக் கிடக்கு எண்டு. 1924ல கட்டின பாலம், இரும்புச் சட்டமும் அதுட நிழலும் குறுக்கும் மறுக்குமா விழும், கறுப்பு வெள்ளை அப்ஸ்ட்ராக்டுக்கு, அதாவது என்ன பொருள் எண்டு காட்டாம கோட்டையும் வடிவத்தையும் மட்டும் காட்டுற படத்துக்கு, மட்டக்களப்புல இதவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

பெரிய பிழை, வானம் மப்பாக் கிடக்கிற நேரத்துல எடுத்துட்டு வீட்ட வந்து கொன்ட்ராஸ்ட் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) கூட்டுற ஸ்லைடரக் கடைசி மட்டும் இழுக்கிறது. மப்புல வெளிச்சம் வானம் முழுக்க இருந்து வரும், நிழலுக்கு விளிம்பே இரிக்காது, இல்லாத விளிம்ப ஸ்லைடர் எங்க இருந்து கொண்டு வாறது? ஜேபெக்ல (சுருக்கிச் சேமிக்கிற சாதாரணப் படக் கோப்பு) ஒரு நிறத்துக்கு இருட்டுல இருந்து வெளிச்சம் மட்டும் 256 படிதான், அதுல உங்கட படம் பிடிச்சிரிக்கிற கொஞ்சப் படிய இழுத்து விரிச்சா வானம் வரிவரியா உடையும். 14 பிட் ரோ (கமரா பிடிச்சதத் திருத்தாம அப்படியே வைக்கிற கோப்பு) எண்டா 16,384 படி, அதால ரோவுல எடுங்க. ஆனா முதல்ல வெயில் சரிவா விழுற நேரம் பார்த்துப் போங்க, அதுதான் முக்கியம்.

மறுகா மீட்டர், கமராவுக்குள்ள வெளிச்சம் அளக்கிற சாமான். அது எதப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். பிரேம்ல இருட்டுக் கூடவா எண்டா மைனஸ் ஒரு ஸ்டொப் (வெளிச்சத்தப் பாதியாக் குறைக்கிறது) வையுங்க, வெள்ளைச் சுவர் நிறைஞ்சு கிடந்தா பிளஸ். நிழலுக்குள்ள ஒண்டும் தெரியலயே எண்டு பயப்பட வேணாம், தெரியாமப் போறதுக்குத்தானே எடுக்கிறம். போன்ல எடுக்கிறாக்கள் எச்டிஆர (இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்துற வசதி) நிப்பாட்டுங்க, நாம தேடிப் போன நிழல அது தூக்கி விட்டுரும்.

நிறத்தப் பார்த்து ஏமாறுறதும் இரிக்கு. சிவப்புத் தோணி, பின்னால பச்சைக் கண்டல், கண்ணுக்கு வெட்டுற மாதிரி நிக்கும், சச்சுரேஷன (நிறத்திட அழுத்தம்) சைபராக்கினா ரெண்டும் ஒரே சாம்பலாப் போயிரும். அதுக்குப் பதிலா எடிட் பண்ணுற அப்புல பிளாக் அன்ட் வைட் மிக்சுல (ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுப்பா வரணும் எண்டு தனித்தனியா மாத்துற இடம்) சிவப்ப ஏத்தி பச்சைய இறக்குங்க, தோணி வெள்ளையா எழும்பி வரும். நீலத்த இறக்கினா வானம் கறுக்கும், ஆனா கூட இறக்கினா விளிம்புல வெள்ளைக் கோடு ஓடும், பார்த்துச் செய்யுங்க.

கடைசியா, பாலம், வாவி, தோணி, ஆள் எல்லாத்தையும் ஒரே படத்துல அடைக்காதீங்க, அது போஸ்ட்காட். இன்னும் கிட்டப் போங்க, இது பாலம் எண்டு ஒருத்தனும் சொல்லேலாத அளவுக்குக் கிட்டப் போய் ரெண்டு சட்டம் ஒரு நிழலோட நிப்பாட்டுங்க. காத்து எழும்ப முதல் வாவித் தண்ணி அசையாம இரிக்கும், வலைக்கம்பும் தண்ணியில தெரியிற அதுட பிம்பமும் சேர்ந்து ஒரே நீட்டுக் கோடாத் தெரியும், முதல் படத்த அங்க எடுங்க.