தாங் காலத்து சான்சாய் பொம்மையை எப்படி பாக்கணும்

மியூசியத்துல சீனாவோட தாங் காலத்து (618–907) குதிரை, ஒட்டக பொம்மைங்க பளபளன்னு நின்னா சும்மா கடந்து போயிடாதீங்க. சான்சாய்னா சீனத்துல 'மூணு கலர்', இப்படி கலர் பூச்சு போட்டு சுட்ட மண் பொம்மைங்களைத்தான் அப்படி சொல்றாங்க, இதெல்லாம் பெரும்பாலும் சமாதிக்குள்ள வைக்கறதுக்குன்னே செஞ்சது. முதல்ல கலரை பாருங்க. பச்சைன்னா தாமிரம், தேன் கலர்னா இரும்பு, நீலம் இருந்தா கோபால்ட், அது அபூர்வம். ஈயம் கலந்த கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி பளபளக்கற பூச்சுங்கறதால சூளையில உருகி ஒண்ணோட ஒண்ணு கலந்து கீழ வழியும், அந்த வழிசல்தான் இதோட அழகே, குதிரையோட கழுத்துப் பக்கத்தை மட்டுமே நான் ரொம்ப நேரம் பாத்துட்டு நிப்பேன். அப்புறம் குனிஞ்சு காலடியை பாருங்க, கிளேஸ் எட்டாத இடத்துல வெளிர் களிமண் தெரியும்.

மனுஷ உருவம்னா முகம்தான் முக்கியம். நிறைய பொம்மைல தலைக்கு கிளேஸே போடாம, சுட்டப்புறம் பெயிண்ட்ல கண்ணு, உதடு வரைஞ்சிருப்பாங்க, அதுல பாதி உதிர்ந்து போயிருக்கும்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல, 728ல இறந்த லியூ டிங்ஷுன்ங்கற தளபதியோட சமாதியில இருந்ததுன்னு சொல்ற செட் இருக்கு, போனா தவற விடாதீங்க.

வாங்கற ஐடியா இருந்தா, நகல் ஏகப்பட்டது சுத்துது, தெர்மோலூமினசன்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, கடைசியா எந்த காலத்துல சுட்டதுன்னு அதுல தெரியும். அசலோ நகலோ, ஈய கிளேஸ் போட்ட பாத்திரத்துல சாப்பாடு மட்டும் வைக்கவே வைக்காதீங்க.