ஃபிளவர்ஹார்ன் தொட்டியில் தண்ணீர் மாற்றுவது எப்படி?

தலையில் திமில் போன்ற புடைப்புள்ள கலப்பின அலங்கார மீனான ஃபிளவர்ஹார்னை வளர்க்கத் தொடங்கும் பெரும்பாலோர், தலை பெரிதாக எந்த உணவைக் கொடுப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நிறமும் தலையும் நிலைத்து நிற்பதற்கு உணவைவிடத் தண்ணீரே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. பயோ சைக்கிள் முடிந்த (அதாவது மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெற்றுவிட்ட), ஒரே மீன் இருக்கும் தொட்டியை மனத்தில் வைத்தே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டி 9 கன அடி; ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பதால் விளிம்பு வரை சுமார் 255 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் இடைவெளி போக 220 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பரிசோதனை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகவும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7 முதல் 8 வரையிலும், வெப்பநிலை 27 முதல் 30 டிகிரி வரையிலும் இருந்தால் போதும். இதற்கு அட்டைப் பட்டைகளை நம்பாமல், சொட்டு மருந்து வகை கிட்டையே வாங்குங்கள். நான் பயன்படுத்துவது ஏபிஐ கிட். அதில் நைட்ரேட்டுக்கான 2ஆம் குப்பியை அரை நிமிடம் பலமாகக் குலுக்கிய பிறகே சொட்டுவிட வேண்டும். அடியில் படிந்திருக்கும் மருந்து கலக்காவிட்டால், நைட்ரேட் மிகுந்த தண்ணீரும் வெளிர் மஞ்சளாகத் தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும். டிடிஎஸ் மீட்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டுமே தவிர, அம்மோனியா இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

எவ்வளவு மாற்றுவது என்பதை நைட்ரேட்டை வைத்தே முடிவு செய்யலாம். உங்கள் மீன் வாரத்துக்கு 10 பிபிஎம் நைட்ரேட் சேர்க்கிறது என்று கொள்வோம். வாரம் 10 விழுக்காடு மட்டும் மாற்றிவந்தால் அது கூடிக்கூடி 100 பிபிஎம்மில் போய் நிற்கும். 30 விழுக்காடு மாற்றினால் 33இல் நிற்கும். பாதியை மாற்றினால் 20ஐத் தாண்டாது. நான் வாரம் 30 விழுக்காட்டையே பரிந்துரைக்கிறேன். 220 லிட்டர் தொட்டிக்கு அது 66 லிட்டர்.

புதிய தண்ணீரை முந்தைய நாளே டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள். மெட்ரோ தண்ணீராக இருந்தால் குளோரின் வெளியேறுவதற்காக இதைச் செய்கிறோம். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சேர்க்க வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இல்லையே என்று மோட்டாரைப் போட்டவுடன் நேரே தொட்டியில் விடுவோர் பலர். நிலத்தடி நீரில் கரியமில வாயு மிகுந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்கும். குழாயில் பிடித்தவுடன் 7 காட்டும் பிஹெச், ஓரிரவு காற்றோட்டத்துக்குப் பின் 8ஐ எட்டுவதுண்டு. ஆகவே ஓரிரவு வைத்த தண்ணீரின் பிஹெச்தான் கணக்கில் கொள்ள வேண்டியது. கோடைப் பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிப்பதும் நினைவிருக்கட்டும். தொட்டிக்கும் டிரம்முக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு வேண்டாம்.

தண்ணீர் மாற்றிய மறுநாளே மீன் இறந்துவிட்டது என்று சொல்பவர்களின் தொட்டியில் பெரும்பாலும் என்ன நடந்திருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில், பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது உண்டாகும் அமிலம் பிஹெச்சைச் சரியாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மையைத் தின்று தீர்த்துவிடும். அதன் பின் பிஹெச் 6 வரை இறங்கும், பாக்டீரியாவின் வேலையும் மந்தமாகும். அப்போது சேரும் கழிவு, நஞ்சு குறைந்த அம்மோனியம் வடிவில் இருப்பதால் மீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இந்த நிலையில் பிஹெச் 8 உள்ள புதுத் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் பிஹெச் ஒரேயடியாக ஏறி, அம்மோனியத்தின் ஒரு பகுதி நச்சு அம்மோனியாவாக மாறிவிடும். பிஹெச் 7இலிருந்து 8க்கு ஏறினாலே நஞ்சின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதும் செவுள் சிவப்பதும் இதனால்தான். எனவே நெடுநாள் விடப்பட்ட தொட்டியென்றால் தொட்டி, டிரம் இரண்டின் பிஹெச்சையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு அரைப் புள்ளிக்கு மேல் இருந்தால் உணவை நிறுத்திவிட்டு, நாளுக்கு 10 விழுக்காடு வீதம், இரண்டும் நெருங்கி வரும்வரை மாற்றுங்கள்.

மாற்றும் வேலை எளிது. ஹீட்டரை அணைத்துச் சில நிமிடங்கள் ஆறவிட்டே தண்ணீரை இறக்க வேண்டும். சூடான கண்ணாடிக் குழல் வெளியே தெரிந்தால் வெடித்துவிடும். குழாயையும் கையையும் மீன் தாக்கும் என்பதால் நடுவே தடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, மூலைகளில் தேங்கிய கழிவைச் சைஃபன் போட்டு உறிஞ்சுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். ஃபில்டரில் பாக்டீரியா குடியிருக்கும் செராமிக் ரிங்குகளை அன்றே தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: ஆர்ஓ தண்ணீர் விடலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தனியாக விட வேண்டாம். அதில் கார்பனேட் இல்லாததால் மேலே சொன்ன பிஹெச் சரிவு விரைவில் வந்துவிடும். தவிர, ஃபிளவர்ஹார்னின் மூதாதையரான மத்திய அமெரிக்க சிக்லிட்கள் பெரும்பாலும் கடின நீருக்குப் பழகியவை. உங்கள் போர் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் மட்டும் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

கல் உப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் போட்டுவருவோர், வெளியே எடுத்த 66 லிட்டருக்கு 66 கிராம் மட்டும் திரும்பச் சேர்த்தால் போதும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது உப்பே சேர்க்கக் கூடாது, ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. அப்படி ஊற்றியதைத் தண்ணீர் மாற்றியதாகவும் கணக்கிடாதீர்கள்.